மட்டைக்கு மூன்றடி தூரத்தில் ஒரு ராவ்

நரசிம்ம ராவ் என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்தியாவில் புகழ் பெறுவது சிரமம். அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பி.வி. நம் கதாநாயகர் எம்.வி. பி.வி. பிரதமராகி 1991இல் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார். எம்.வி. அதற்கு முன்பே தன் கதவைத் தானே திறந்துகொண்டு அயர்லாந்து பக்கம் போய்விட்டார்.

சரி, செல்லப் பெயராவது கைகொடுக்குமா என்று பார்த்தால் அது 'பாப்ஜி'. எங்கள் தலைமுறை செகந்திராபாத்காரர்களுக்கு அந்தப் பெயர் போதும், மைதானமே கண்ணுக்குள் வந்துவிடும். இன்றைக்கு ஒரு காலேஜ் பையனிடம் "பாப்ஜியைத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபோனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு சுட ஆரம்பித்துவிடுவான்.

எம்.வி. நரசிம்ம ராவ் பிறந்தது 1954 ஆகஸ்ட் 11, செகந்திராபாத்தில். லெக் ஸ்பின் போடுவார், நடுவரிசையில் மட்டை பிடிப்பார். இந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றவர்கள் போகப் பயப்படும் இடத்தில் போய்க் குந்திக்கொள்வார். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத் என்பது ஐதராபாத்தின் ஒரு பேட்டை என்று நீங்கள் நினைத்திருந்தால் தப்பில்லை, நீங்கள் ரயில்வே டைம்டேபிள் படிக்காதவர், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே ஓர் ஏரி. அதற்கு அந்தப் பக்கம் நவாபு, இந்தப் பக்கம் சிப்பாய். 1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரை வைத்து வெள்ளைக்காரன் கூடாரம் அடித்த ஊர் இது. மதராஸ் பட்டாளத்தோடு சமையல்காரர், சலவைக்காரர், கணக்குப்பிள்ளை, கான்ட்ராக்டர் என்று நம் ஜனமும் வந்து இறங்கிவிட்டது. பத்மாராவ் நகருக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு முதலியார். அங்கே ஸ்கந்தகிரியில் முருகனே குன்றேறி உட்கார்ந்துவிட்ட பிறகு, இது யார் ஊர் என்று தனியாகச் சண்டை போட வேண்டியதில்லை.

பட்டாளத்து ஊருக்கே உரிய வேலைகள் எல்லாம் இங்கே நடந்திருக்கின்றன. 1896இல் சர்ச்சில் என்கிற ஒல்லிப் பையன் பெங்களூரிலிருந்து குதிரையோடு வந்து போலோ ஆடி, கோல்கொண்டா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த வருடம் ஆகஸ்ட் 20ஆம் தேதி ரொனால்டு ராஸ் இங்கேதான் கொசுவின் வயிற்றைக் கிழித்து, மலேரியாக் கிருமி அதற்குள் குடியிருப்பதைக் கண்டுபிடித்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொசு இன்னும் இங்கேயே இருக்கிறது.

சிப்பாய்களுக்குச் சாயங்காலம் பொழுது போக வேண்டும். அதனால் கிரிக்கெட் வந்தது. பரேடு மைதானமும் ஜிம்கானாவும் வந்தன. சிப்பாய்கள் போன பிறகும் விளையாட்டு போகவில்லை. வாடகைக்கு இருந்தவன் காலி செய்யும்போது விட்டுப்போன பழைய அலமாரி மாதிரி அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் அதில் துணி அடுக்க ஆரம்பித்தோம்.

ஊரின் முதல் பெரிய கிரிக்கெட் நட்சத்திரம் ஜெய்சிம்ஹா. அவரும் செகந்திராபாத்தில் பிறந்தவர்தான், 1939இல். தூக்கிவிட்ட காலர், மடிப்புக் கலையாத சட்டை, நடந்து வந்தாலே கைதட்டல். பின்னாளில் அசாருதீன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆடியபோது, அந்தக் காலர் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று ஊருக்குத் தெரியும். ஆனால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும். பாப்ஜி நிமிர்ந்த நேரம் கம்மி. ஊர் கிரிக்கெட்டின் அழகு ஜெய்சிம்ஹாவின் கழுத்தில் இருந்தது என்றால், பாடு பாப்ஜியின் முழங்காலில் இருந்தது.

ஷார்ட் லெக் என்ற இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: மட்டையாளரின் கால் பக்கம், மட்டையை நீட்டினால் மூக்கில் இடிக்கும் தூரத்தில் ஒருவன் குந்தியிருப்பான். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தியிருப்பான். கோயில் வாசலில் கையேந்தி உட்கார்ந்திருப்பவர்மேல் யாரும் கார்க் பந்தை எறிவதில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். சுழற்பந்து வீச்சாளர் ஒழுங்காகப் போட்டால், பந்து மட்டையிலும் பேடிலும் பட்டு மெதுவாக எழும்பி இவன் கையில் வந்து விழும். அரைக்குழி போட்டால் மட்டையாளர் சுழற்றி அடிப்பார், அதுவும் இவன் பக்கம்தான் வரும். பந்து போட்டவர் "சாரி" என்பார். இவன் உருண்டு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு "பரவால்ல" என்பான். கிரிக்கெட்டில் அடுத்தவன் செய்த தப்புக்கு அடி வாங்கவென்றே ஒதுக்கியிருக்கும் ஒரே இடம் இது.

எனக்கு இது கேள்வி ஞானம் அல்ல. பத்மாராவ் நகரில் எங்கள் சந்தில் வயதில் சின்னவனை ஷார்ட் லெக்கில் நிறுத்துவதுதான் சட்டம். நான் ஐந்து வருடம் சின்னவனாகவே இருந்தேன். ஒருநாள் கார்க் பந்து நேராக முழங்கால் சில்லில் வந்து அடித்தது. ஓரமாகப் படுத்து அலறிக்கொண்டிருந்தேன். அடித்த அண்ணன் ஓடிவந்து முதலில் பந்தை எடுத்துத் தையல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தான். அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டபடியே, "அப்படித் தள்ளி நின்னா என்னடா?" என்று கேட்டாள். கிரிக்கெட்டைப் பற்றி என்னிடம் இதுவரை கேட்கப்பட்டதிலேயே அறிவுள்ள கேள்வி அதுதான்.

தள்ளி நிற்காத ஆட்களும் உண்டு. பம்பாயில் ஏக்நாத் சோல்கர் என்று ஒருவர் இருந்தார். 27 டெஸ்டில் 53 கேட்ச், பெரும்பாலும் இந்தக் குந்து பலகையில் உட்கார்ந்து பிடித்தது. தலையில் தொப்பி, மற்றபடி தெய்வம் துணை. அந்தக் காலத்தில் ஹெல்மெட் என்பது லாம்ப்ரெட்டா ஓட்டுகிறவரே போடாத சாமான். எங்கள் ஊரிலும் ஆபித் அலி அதே தொழிலைச் செய்தார். அந்த வரிசையில் அடுத்து வந்து குந்தியவர் பாப்ஜி. விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர இது விளையாட்டுக் காரியம் அல்ல. 1998 பிப்ரவரியில் டாக்காவில் இதே இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற ராமன் லாம்பாவின் தலையில் பந்து பட்டது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

இந்த இடத்தில் என் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. ஜிம்கானா வேலிக்கம்பிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்த கூட்டத்தில் அவர் நிரந்தர உறுப்பினர். டிக்கெட் வாங்கிப் பார்ப்பதை அவமானமாக நினைப்பவர். தமிழும் தக்கனி உருதுவும் தெலுங்கும் கலந்து அவர் பேசுவதை மெட்ராஸ் சொந்தக்காரர்கள் ஏதோ வியாதி என்றே நினைத்தார்கள்.

"ஷார்ட் லெக்குல நிக்குறதுக்கு என்ன வேணும் சித்தப்பா, தைரியமா?" என்று ஒருமுறை இரானி ஹோட்டலில் கேட்டேன்.

"நக்கோ டா. தைரியம்லாம் பேட்டிங்குக்கு. அங்க நிக்கிறதுக்கு மட்டையைப் பார்க்கக் கூடாது, பேட்ஸ்மேன் மூஞ்சியப் பார்க்கக் கூடாது. கால மட்டும் பார்க்கணும். கால் முன்னாடி வந்தா கேட்ச். பின்னாடி போச்சுன்னா கண்ண மூடிக்கோ, அல்லா மாலிக்." உஸ்மானியா பிஸ்கட்டைச் சாயாவில் நனைத்து, அது உடைந்து விழுவதற்கு ஒரு கணம் முன்னால் வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கும் கேட்ச் பிடிக்க வரும்.

1971–72 பருவத்தில் ஐதராபாத்துக்காக ஆட வந்த பாப்ஜி, 1980களின் கடைசிவரை ஆடினார். முதல்தர ஆட்டம் நூற்றுக்கு மேல். ரன் 4,800க்கு மேல், சராசரி 47. விக்கெட் 245. இன்றைக்கு ஒருவன் இப்படி எண்களை வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போனால் பத்துத் தொழிலதிபர்கள் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். அன்றைக்கு உள்ளூர் வீரருக்கு வாழ்க்கை லட்சியம் ஏதாவது ஒரு வங்கியில் வேலை. ஒரு சதத்துக்கும் அடுத்த சதத்துக்கும் நடுவில் லெட்ஜரில் கையெழுத்துப் போட வேண்டும். ரஞ்சி ஆட்டத்துக்குக் கொடுத்த படியில் பஸ் செலவு போக மிஞ்சினால் சாயா, அதுவும் ஒன் பை டூ.

டெஸ்ட் வாய்ப்பு வந்தது 1978 டிசம்பர் கடைசியில், கல்கத்தா ஈடன் கார்டன்ஸில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. கெர்ரி பாக்கர் என்ற ஆஸ்திரேலிய டிவி முதலாளி தன் தனித் தொடருக்காக நல்ல சரக்கையெல்லாம் விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டதால், காளிச்சரண் தலைமையில் மிச்சம் மீதி வந்திருந்தது. இந்திய அணியிலும் ஒரு யுகம் முடிகிற நேரம். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற நால்வருக்கும் தோள் தேய்ந்துகொண்டிருந்தது. சந்திரசேகர் போய், லட்சுமண் சிவராமகிருஷ்ணன் மீசை முளைக்காத பிள்ளையாக 1983இல் வந்து சேர்வதற்கு நடுவே லெக் ஸ்பின் நாற்காலி ஆடிக்கொண்டே கிடந்தது. அதில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களில் பாப்ஜி ஒருவர். சரியாகச் சொன்னால் உட்காரவில்லை, அங்கேயும் குந்தினார்.

அந்தக் கல்கத்தா டெஸ்டைக் கொஞ்சம் பாருங்கள். முதல் இன்னிங்ஸில் கவாஸ்கர் 107. இரண்டாவது இன்னிங்ஸில் கவாஸ்கர் 182, வெங்சர்க்கார் 157, இருவரும் ஆட்டமிழக்காமல் சேர்த்தது 344. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 361 என்று டிக்ளேர் செய்தது. முதல் டெஸ்ட் ஆடும் நடுவரிசை ஆட்டக்காரரின் நிலைமையை யோசியுங்கள். கல்யாண வீட்டில் மூன்றாம் பந்திக்கு இலை போட்டு உட்கார்ந்தவன் மாதிரி. முதல் பந்திக்காரர்கள் எழுந்திருக்கவே இல்லை, பாயசமும் அவர்களோடு முடிந்துபோயிற்று. கடைசி நாளில் மேற்கிந்தியர்கள் 9 விக்கெட்டுக்கு 197. ஒரே ஒரு விக்கெட் பாக்கி. ஆட்டம் டிரா.

மொத்தம் 4 டெஸ்ட். மேற்கிந்தியருக்கு எதிராக 2, மறுவருடம் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 2. கடைசி டெஸ்டும் 1979 அக்டோபரில் அதே ஈடன் கார்டன்ஸில்தான். ஏறிய ஸ்டேஷனிலேயே இறக்கிவிட்டார்கள். ரன் 46. விக்கெட் 3, ஒவ்வொன்றும் 75 ரன்னுக்கு மேல் விலை போட்டு வாங்கியது. முதல்தர ஆட்டத்தில் 47 சராசரி வைத்திருந்தவருக்கு டெஸ்டில் 9. இந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் புள்ளிவிவரப் புலிகள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். புரட்டாமல் கடைசிக் கட்டத்தைப் பார்த்தால் கேட்ச் 8 என்று இருக்கும். 4 டெஸ்டில் 8. டெஸ்டுக்கு 2. சோல்கர் மகாராஜாவின் 53ஐ 27ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். ஆக, உலகத்தின் தலைசிறந்த ஷார்ட் லெக்கை விட எங்கள் ஊர்க்காரர் மயிரிழை மேல் என்று நான் சத்தியம் செய்யத் தயார். நான்கு டெஸ்டை வைத்துச் சராசரி பேசக் கூடாது என்பவர்கள், முதலில் அந்த 9ஐயும் 75ஐயும் அடித்துவிட்டு வாருங்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள். நம் கிரிக்கெட்டை மாமியார் வீட்டில் வளர்த்தால் எப்படி ஆகுமோ அப்படி இருக்கும். அங்கே ஊர் ஊராக, அணி அணியாக, பஸ்ஸிலேயே பாதி ஆயுளைக் கழிக்கும் சாதாரண வீரனுக்கு ஜர்னிமேன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மைதானத்தின் கடைசி எல்லையில், வானத்தைப் பார்த்துக்கொண்டு, தோல் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பான். பந்து வந்தால் பிடிப்பான். வயதானதும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விடுவான். பெரிய லீக்கில் சில ஆட்டம் மட்டும் ஆடிவிட்டுத் திரும்பியவனைப் பற்றி 'ஒரு கப் காபி குடித்துவிட்டு வந்தவன்' என்பார்கள். 1905இல் மூன்லைட் கிரகாம் என்பவர் நியூயார்க் அணிக்காக ஒரே ஒரு ஆட்டத்தில் வெளிக்களத்தில் நின்றார். மட்டை பிடிக்க முறையே வரவில்லை. பிறகு டாக்டர் ஆகிவிட்டார். அந்த மனிதரைக் கதாபாத்திரமாக்கி ஹாலிவுட்டில் 1989இல் படமே எடுத்துவிட்டார்கள்.

மட்டையே பிடிக்காதவருக்கு ஒரு சினிமா. பாப்ஜி குடித்தது நான்கு கப், எங்கள் ஊர் ஒன் பை டூ கணக்கில் எட்டு. அதுவும் வெளிக்களத்தில் கையுறையோடு வானம் பார்த்து நின்றவர் அல்ல, வெறுங்கையோடு மட்டையாளரின் மூச்சுக்காற்றில் நின்றவர். நம் சினிமாக்காரர்களுக்குக் கிரிக்கெட் என்றால் உலகக் கோப்பையும் கடைசிப் பந்துச் சிக்ஸரும்தான். குந்தியிருப்பவனுக்குக் குளோசப் கிடையாது.

டெஸ்ட் கதை முடிந்த பிறகுதான் பாப்ஜியின் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. ஐதராபாத் ரஞ்சிக் கோப்பையை முதல்முறை ஜெயித்தது 1937–38இல். இறுதி ஆட்டத்தில் நவாநகருக்கு எதிராக 9 விக்கெட் விழுந்த நிலையில் எதுல்ஜி ஐபாரா என்கிற பார்சி 137 ரன்னோடு நின்று கரையேற்றினார். அதற்குப் பிறகு? நிஜாம் போனார், மாநிலம் போனது, மொழிவாரியாகப் புது மாநிலம் வந்தது. பட்டோடி, ஜெய்சிம்ஹா, அப்பாஸ் அலி பேக், ஆபித் அலி என்று நட்சத்திரப் பட்டாளம் ஆடியது. சட்டை மடிப்புக்குக் கோப்பை வைத்திருந்தால் வருடா வருடம் வந்திருக்கும். ரஞ்சிக் கோப்பை மட்டும் வரவில்லை. பிரியாணியும் அரட்டையும் தூக்கமும் நிறைந்த ஊரில் கோப்பைக்கு என்ன அவசரம் என்று அதுவும் நினைத்திருக்கும்.

1986–87இல் கேப்டன் பாப்ஜி. அந்தப் பருவத்தில்தான் அப்துல் அசீம் தமிழ்நாட்டுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 அடித்தார். அன்று வீட்டில் எங்கள் நிலைமை தர்மசங்கடம். ஊர்ப்பாசம் கைதட்டச் சொல்கிறது, தாய்மொழி முறைக்கிறது. சித்தப்பா 200 வரை கைதட்டினார், 250 தாண்டியதும் "பஸ் கர் மியான், போதும்டா" என்று வேலிக்கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கெஞ்ச ஆரம்பித்துவிட்டதாகச் சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள், 303 மட்டும் நிஜம்.

இறுதி ஆட்டம் டெல்லியில், கோட்லா மைதானத்தில், டெல்லிக்கு எதிராக. ஆட்டம் டிரா. முதல் இன்னிங்ஸில் முன்னிலை எடுத்ததால் ஐதராபாத்துக்குக் கோப்பை. நம் ரஞ்சியில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. நாள்கணக்கில் வெயிலில் ஆடி, யாரும் ஜெயிக்காமல், கடைசியில் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டி "உன் பக்கம் நாலணா கூட இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ" என்று அனுப்பிவைப்பார்கள். வங்கிக்காரர்கள் நிறைய ஆடிய ஆட்டம், அதனால் இருக்கலாம். எப்படியோ, 49 வருடம் கழித்துக் கோப்பை வீடு திரும்பியது. அடுத்த வருடமே தமிழ்நாடு ஜெயித்துவிட்டது, அவர்களும் 1954–55க்குப் பிறகு முதல்முறையாக. அசீமிடம் வாங்கிய அடி வேலை செய்தது என்று சித்தப்பா அதற்கும் ஊர்ப்பெருமை கொண்டாடினார்.

ஜிம்கானா பின்னாளில் இன்னும் பெரிய சாப்பாட்டுப் பந்திகளைப் பார்த்தது. 1993–94இல் ஆந்திராவுக்கு எதிராக ஐதராபாத் 6 விக்கெட்டுக்கு 944. ஸ்ரீதர் 366, விவேக் ஜெய்சிம்ஹாவும் நோயல் டேவிட்டும் ஆளுக்கொரு இரட்டைச் சதம். கோப்பை வரவில்லை.

பாப்ஜி இதற்குள் வேறொரு பட்டாள ஊரைக் கண்டுபிடித்திருந்தார். வட அயர்லாந்தில், டைரோன் கவுண்டியில், ஸ்ட்ராபேன். உள்ளூர் கிரிக்கெட் கிளப் தொழில்முறை ஆட்டக்காரராக அழைக்க, போனார். கோடையில் அங்கே, குளிர்காலத்தில் இங்கே. ஒருபக்கம் 40 டிகிரி வெயில், இன்னொரு பக்கம் ஜூனிலேயே ஸ்வெட்டர். லெக் ஸ்பின் போடுகிறவனுக்கு விரல் காய்ந்திருக்க வேண்டும், பந்து காய்ந்திருக்க வேண்டும், பிட்சும் காய்ந்திருக்க வேண்டும். அயர்லாந்தில் காய்ந்த பொருளை மியூசியத்தில்தான் வைத்திருப்பார்கள்.

ஸ்ட்ராபேன் அந்தக் காலத்தில் கிரிக்கெட்டுக்குப் பெயர்போன ஊர் அல்ல. வெடிகுண்டுக்கும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும் பெயர்போனது. ஆற்றைத் தாண்டினால் லிஃபர்டு, அது வேறு நாடு, அயர்லாந்துக் குடியரசு, வேறு காசு. நடுவில் பிரிட்டிஷ் ராணுவத்தின் செக்போஸ்ட். ஒருவர் சிக்ஸரைக் கொஞ்சம் அழுத்தி அடித்தால் பந்துக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்கும். வெளியூர்க்காரனுக்கு இது நடுங்கவைக்கும் சமாச்சாரம். செகந்திராபாத்காரனுக்கு? சாலையின் குறுக்கே ராணுவ கேட், துப்பாக்கி பிடித்த ஜவான், "இந்த வழி கிடையாது, சுற்றிப் போ" என்கிற கைச்சைகை. பால் வாங்கப் போனாலே இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பாப்ஜிக்குச் சொந்த ஊரில் மழை பெய்கிற மாதிரி இருந்திருக்கும்.

அந்தக் காலத்து அயர்லாந்தில் கிரிக்கெட் ஆடுவது என்பதே ஒரு அரசியல் நிலைப்பாடு. பட்டாளத்துக்காரன் கொண்டுவந்த ஆட்டம் என்று தேசியவாதிகளுக்கு வெறுப்பு. அவர்களுடைய விளையாட்டுச் சங்கம் ஒரு விதியே வைத்திருந்தது: உறுப்பினர்கள் கிரிக்கெட், ஹாக்கி, ரக்பி, கால்பந்து போன்ற 'அந்நிய' ஆட்டங்களை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. 1971இல்தான் அதை எடுத்தார்கள். வேலிக்கம்பிக்கு வெளியே நின்று பார்த்தால் குற்றமா என்று சித்தப்பா மிகுந்த கவலையோடு விசாரித்தார்.

அந்தப் பிரதேசத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. இருட்டில் ஒருவனை மறித்து, "நீ கத்தோலிக்கனா, புராட்டஸ்டண்டா?" என்று கேட்கிறார்கள். "நான் யூதன்" என்கிறான். "அது சரி, கத்தோலிக்க யூதனா, புராட்டஸ்டண்ட் யூதனா?" நடுவில் நிற்பவனுக்கு அங்கே இடமே கிடையாது என்பதுதான் ஜோக். செகந்திராபாத்திலிருந்து வந்த ஒரு ராவ் இதில் எந்தப் பக்கம் சேர்த்தி? அவருக்குப் பழக்கப்பட்ட இடம்தான். இரண்டு பக்கத்துக்கும் மிக அருகில், குந்தியபடி, கையை ஏந்திக்கொண்டு.

ஸ்ட்ராபேனிலிருந்து கூப்பிடு தூரத்தில் சயன் மில்ஸ் என்று ஓர் ஊர். 1969 ஜூலை 2ஆம் தேதி அங்கே மேற்கிந்தியத் தீவுகள் அணி அயர்லாந்தோடு ஒரு நட்பு ஆட்டம் ஆட வந்தது. முந்தின நாள்தான் லார்ட்ஸில் டெஸ்ட் முடிந்திருந்தது. கிளைவ் லாயிட் உண்டு, பசில் பட்சர் உண்டு, மேனேஜராக வந்த கிளைட் வால்காட்டும் பேடைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஈரமான பச்சைப் பிட்ச். ஒரு கட்டத்தில் 9 விக்கெட்டுக்கு 12. மொத்தம் 25க்கு ஆல் அவுட். டக்கி குட்வின் 6 ரன் கொடுத்து 5 விக்கெட், அலெக் ஓ'ரியர்டன் 18 ரன்னுக்கு 4. முந்தின ராத்திரி அயர்லாந்துக்காரர்கள் விருந்தாளிகளுக்கு மதுவை ஊற்றி ஊற்றியே ஜெயித்தார்கள் என்று கதை கட்டிவிட்டவர்கள் உண்டு. விருந்தோம்பல் ஒரு பந்துவீச்சு முறை என்றால் எங்கள் ஊர் உலகக் கோப்பையை வருடத்துக்கு இரண்டு முறை ஜெயித்திருக்கும்.

அந்த மண்ணில்தான் பாப்ஜி வேரூன்றினார். அங்கெல்லாம் கிளப்பின் வெளிநாட்டு ஆட்டக்காரர் என்றால் வீட்டு மாப்பிள்ளை அல்ல, வீட்டோடு மாப்பிள்ளை. சனிக்கிழமை ரன்னும் எடுக்க வேண்டும், விக்கெட்டும் எடுக்க வேண்டும். வாரநாள் சாயங்காலங்களில் பொடிசுகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிற ஊர், இருட்டிவிட்டது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. பக்கத்துப் பண்ணையிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கும் சிவந்த கன்னத்துப் பையனுக்கு மணிக்கட்டை எப்படிச் சுழற்றுவது என்று செகந்திராபாத் கை சொல்லிக்கொடுக்க வேண்டும். நம் ஊரில் சப்பாத்தி உருட்டுகிறவர்கள், பட்டம் விடுகிறவர்கள், மாஞ்சா சுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் மணிக்கட்டு தானாகவே சுழலும். உருளைக்கிழங்கு தோண்டுகிற கைக்கு அதைக் கற்பிப்பது, மாட்டுக்குப் பரதநாட்டியம் கற்பிப்பதற்கு அடுத்த கஷ்டம். அவர் அதை வருடக்கணக்கில் செய்தார். அந்த ஊரிலேயே தங்கியும்விட்டார்.

அதற்காகத்தான் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.ஈ. விருது கொடுத்தது. கிரிக்கெட்டுக்கும் சமூகத்துக்கும் செய்த சேவைக்கு. விருதின் முழுப்பெயரில் 'பிரிட்டிஷ் சாம்ராஜ்யம்' என்ற சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. சாம்ராஜ்யம் செகந்திராபாத்தைக் காலி செய்துவிட்டுப் போய் எத்தனையோ வருடமாகிறது. போகும்போது மறந்துவிட்டுப்போன அலமாரியை எங்கள் ஆள் ஒருவர் முதுகில் சுமந்து, கடல் தாண்டி, அவர்களுடைய வாசலிலேயே இறக்கியிருக்கிறார். ஒரு பதக்கம் கொடுத்தது நியாயம்தான்.

செய்தியைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. காதும் மந்தம். அதே இரானி ஹோட்டல், அதே பிஸ்கட்.

"யாரு, நம்ம பாப்ஜியா? லண்டன்காரன் விருது குடுத்தானா?"

"ஆமா சித்தப்பா. அரண்மனைல கூப்பிட்டுக் கோட்டுல பதக்கத்தக் குத்திவிடுவாங்களே, அந்த விருது."

பிஸ்கட்டை நனைத்தார். யோசித்தார். "குத்துறப்ப எவ்வளவு தூரத்துல நிப்பாங்க?"

"கைக்கு எட்டுற தூரம்தான். மூணடி இருக்கும்."

"ஹௌ," என்று தலையாட்டினார். "அப்ப ஷார்ட் லெக்தான்."